பதினோரு எழுத்து விலாசம்

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலங்காத்தால ஃபோன். என்கூட காலேஜ்ல படிச்ச பய ஒருத்தன், இப்போ ஜெர்மனியில பொட்டி தட்டிக்கிட்டு இருக்கான். ஹலோ கூட சொல்லல. "மச்சி, காசு காணாம போச்சுடா."

விஷயம் இதுதான். ஊர்ல அவங்க அப்பா அஞ்சு சென்ட் இடம் பேசி முடிச்சிருக்கார். பத்திரப் பதிவுக்கு டோக்கனும் போட்டாச்சு. இவன் பன்னெண்டு நாள் முன்னாடியே யூரோவுல அனுப்பிட்டான். அங்க கணக்குல கழிஞ்சிருச்சு, இங்க வந்து சேரல. பதிவுக்கு இன்னும் மூணே நாள்.

கொஞ்சம் கொஞ்சமா விசாரிச்சேன். அப்பாவோட பாஸ்புக் முதல் பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கான். அதுல இருந்த வங்கிப் பேரை கூகுள்ல போட்டு, முதல்ல வந்த ஏதோ ஒரு சைட்ல இருந்து ஸ்விஃப்ட் கோடை எடுத்து ஒட்டியிருக்கான். அந்த வங்கி வேற ஒரு வங்கியோட இணைஞ்சு சில வருஷம் ஆச்சு. பாஸ்புக் மட்டும் பழசு. (எந்த வங்கின்னு கேக்காதீங்க, இதுல அவங்க தப்பு ஒண்ணும் இல்ல.)

"ஆனா ஃபார்ம்ல பச்சை டிக் வந்துச்சேடா!" அப்படின்னான்.

அந்த ஒரு வரிதான் எனக்குள்ள குத்திருச்சு. ஏன்னா அந்த மாதிரி பச்சை டிக் போடுற நிரலை நானும் எழுதியிருக்கேன். வேலைக்குச் சேர்ந்த ரெண்டாவது வருஷம், ஒரு கிளையண்டுக்கு. முதல் ஆறும் ஆங்கில எழுத்தா, அடுத்த ரெண்டு எழுத்தா எண்ணா, மொத்தம் எட்டு இல்லன்னா பதினொண்ணா? ஆமான்னா டிக். ஒரே வரி ரெகுலர் எக்ஸ்பிரஷன். அரை மணி நேரத்துல முடிச்சுட்டு டீ குடிக்கப் போனேன். அந்தக் கோடு உண்மையிலேயே உயிரோட இருக்கான்னு பாக்கணும்னு எனக்கும் தோணல, என் லீடுக்கும் தோணல.

அந்த உறுத்தல்ல உக்காந்து படிச்சதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீயோட உக்காருங்க.

ஸ்விஃப்டுக்கு முன்னாடி டெலக்ஸ்தான். ஒரு நாட்டு வங்கி இன்னொரு நாட்டு வங்கிக்குப் பணம் அனுப்பச் சொல்லணும்னா, டைப்ரைட்டர் மாதிரி ஒரு இயந்திரத்துல வாக்கியமா அடிச்சு அனுப்புவாங்க. "இன்னார் கணக்குல இவ்வளவு கழிச்சு, இந்த ஊர்ல இருக்கிற இந்த வங்கி மூலமா இன்னாருக்குக் கொடுக்கவும்" அப்படிங்கிற பாணி. ஆளாளுக்கு ஒரு நடை. அந்தப் பக்கம் ஒரு குமாஸ்தா அதைப் படிச்சு, புரிஞ்சுக்கிட்டு, தன் வங்கியோட ஃபார்ம்ல மறுபடி எழுதுவார். புரியலன்னா விளக்கம் கேட்டு இன்னொரு டெலக்ஸ். ஒரே ஒரு பண அனுப்புதலுக்கு இப்படி பத்து செய்தி வரைக்கும் போய் வந்திருக்கு.

சரி, இந்த டெலக்ஸை உண்மையிலேயே அந்த வங்கிதான் அனுப்புச்சா, இல்ல எவனாவது இடையில புகுந்து அடிச்சானா? அதுக்குத்தான் 'டெஸ்ட் கீ'. எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான். ரெண்டு வங்கியும் முன்கூட்டியே ரகசிய எண் அட்டவணை ஒண்ணைப் பரிமாறி வெச்சிருக்கும். தேதிக்கு ஒரு எண், கரன்சிக்கு ஒரு எண், தொகைக்கு ஒரு எண், அந்த ரெண்டு வங்கிக்கு மட்டும் தெரிஞ்ச ஒரு நிலையான எண். எல்லாத்தையும் கூட்டி செய்தியோட சேர்த்து அடிக்கணும். வாங்குறவர் தன் பெட்டியில பூட்டி வெச்சிருக்கிற அட்டவணையை எடுத்து அதே கூட்டலைப் போட்டுப் பார்ப்பார். விடை ஒத்துப்போனா செய்தி அசல். இன்னிக்கு நாம ஹாஷ், சிக்னேச்சர்னு பீத்திக்கிறோமே, அதோட தாத்தா இது. என்ன, கூட்டல் எல்லாம் கையால.

இதுல ஒண்ணைக் கவனிச்சீங்களா? அந்தக் கூட்டல்ல தொகை இருக்கு, தேதி இருக்கு. பணம் வாங்கப் போற ஆளோட பேரு இல்ல. பேரைத் தப்பா அடிச்சாலும் டெஸ்ட் கீ கச்சிதமாப் பொருந்தும். இதை மனசுல வெச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

1970கள் தொடக்கத்துல அமெரிக்காவோட ஃபர்ஸ்ட் நேஷனல் சிட்டி பேங்க், அதாவது இன்னிக்கு சிட்டிபேங்க், 'மார்ட்டி'ன்னு ஒரு முறையைக் கொண்டு வந்தது. இனிமே எங்களுக்குச் செய்தி அனுப்பணும்னா இயந்திரம் படிக்கிற மாதிரி நாங்க சொல்ற வடிவத்துலதான் அனுப்பணும்னு மத்த வங்கிகளைக் கேட்டது. நல்ல யோசனைதான். ஆனா ஐரோப்பிய வங்கிகளுக்கு வயித்துல புளியைக் கரைச்சிருச்சு. இன்னிக்கு வடிவம் சொல்றவன் நாளைக்கு கட்டணமும் சொல்வானே! ஒரு கம்பெனியோட ஃபார்மேட்ல மாட்டிக்கிட்டா வெளிய வர்றது எவ்வளவு கஷ்டம்னு நம்ம துறையில இருக்கிறவங்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

அதனால யாருக்கும் சொந்தமில்லாம எல்லாருக்கும் சொந்தமா ஒரு கூட்டுறவு அமைப்பு. 1973ல 15 நாடுகளைச் சேர்ந்த 239 வங்கிகள் சேர்ந்து ஆரம்பிச்சதுதான் ஸ்விஃப்ட். தலைமையகம் பெல்ஜியத்துல, பிரஸ்ஸல்ஸ் பக்கத்துல லா ஹல்ப்னு ஒரு சின்ன ஊர். நியூயார்க்கும் வேண்டாம், லண்டனும் வேண்டாம்னு ரெண்டுக்கும் பொதுவா ஒரு இடம். நாலு வருஷம் கழிச்சு, 1977 மே 9 அன்னிக்கு முதல் செய்தியை அனுப்பி வெச்சவர் பெல்ஜியம் இளவரசர் ஆல்பர்ட். பின்னாடி ராஜா ஆனாரே, அவரேதான். முதல் பன்னெண்டு மாசத்துலயே ஒரு கோடி செய்தி. இந்தியா இந்த வலையில சேர்ந்தது 1991ல. அந்த வருஷம் நம்ம அந்நியச் செலாவணி நிலைமை என்னன்னு தெரியும்ல?

நிறைய பேர் நினைக்கிற மாதிரி ஸ்விஃப்ட் பணத்தை அனுப்பாது. ஒத்தைப் பைசா அது வழியாப் போகாது. போறது கடிதம் மட்டும். தபால்காரர் மாதிரின்னு வெச்சுக்கோங்க. 'உன்கிட்ட என் கணக்குல இருக்கிறதை எடுத்து இன்னாருக்குக் கொடு'ன்னு ஒரு வங்கி இன்னொரு வங்கிக்கு எழுதுற கடிதம். ரெண்டு வங்கிக்கும் நேரடிக் கணக்கு இல்லன்னா இடையில தரகு வங்கி ஒண்ணோ ரெண்டோ வரும். ஒவ்வொருத்தரும் கொஞ்சம் கிள்ளிக்குவாங்க.

தபால்னா விலாசம் வேணும்ல? அதான் அந்த பதினோரு எழுத்து. ஸ்விஃப்ட் கோடுன்னு நாம சொல்றதோட முறையான பேரு பிஐசி. ஐஎஸ்ஓ 9362ங்கிற தரம், 1987ல முதல்ல வந்தது. முதல் நாலு எழுத்து வங்கி. அடுத்த ரெண்டு நாடு. அடுத்த ரெண்டு இடம். கடைசி மூணு கிளை, அது இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் போகும். மூணு எக்ஸ் போட்டா தலைமை அலுவலகம்னு அர்த்தம்.

ஸ்டேட் பேங்க்கை எடுத்துக்குவோம். எஸ்-பி-ஐ-என், அப்புறம் ஐ-என், அப்புறம் பி-பி. கடைசி பி-பி எங்கிருந்து வந்ததுன்னு யோசிச்சிருக்கீங்களா? பாம்பே. 1995ல ஊர் பேரை மும்பைன்னு மாத்தியாச்சு. கோடு மாறல. இன்னிக்கும் நம்ம பெரும்பாலான வங்கிகளோட கோடு பி-பி-யிலதான் முடியுது. தலைமையகம் சென்னையில இருக்கிற இந்தியன் வங்கிக்கும் அதே பி-பி. ஆனா எல்லாத்துலயும் ஊர் பேரைத் தேடாதீங்க. கும்பகோணத்துல தலைமையகம் இருக்கிற சிட்டி யூனியன் வங்கிக்கு அந்த இடத்துல 5-எம். நியூயார்க்குக்கு 33. 2014ல தரத்தைத் திருத்துனப்போ அந்த ரெண்டு எழுத்துக்கு 'இடம்'ங்கிற அர்த்தத்தையே எடுத்துட்டாங்க, இப்போ அது வெறும் பின்னொட்டு. எட்டாவது எழுத்து 1ன்னா வலையில நேரடி இணைப்பு இல்லாத வங்கின்னு முன்னாடி ஒரு விதி இருந்துச்சு. அதுவும் போச்சு. இணையத்துல பாதி 'விளக்கங்கள்' இன்னும் பழைய விதியைத்தான் ஓதிக்கிட்டு இருக்கு.

இந்தக் கோடுகளைப் பாக்கப் பாக்க எனக்குப் பழைய கல்வெட்டைப் படிக்கிற மாதிரி ஆயிருச்சு. பிரிட்டன்ல எச்எஸ்பிசி வங்கியோட கோடு எம்-ஐ-டி-எல்னு தொடங்கும். எச் எங்க, எஸ் எங்க? அது மிட்லாண்ட் வங்கி. 1992ல எச்எஸ்பிசி அதை வாங்குச்சு, 1999ல மிட்லாண்ட்ங்கிற பேரையே பலகையில இருந்து எடுத்துட்டாங்க. கோடுல மட்டும் மிட்லாண்ட் உயிரோட இருக்கு. சில்லறை வங்கிச் சேவையை 2018ல தனியாப் பிரிச்சப்போதான் அந்தப் பகுதிக்குப் புதுக் கோடு வந்துச்சு.

இன்னொண்ணு இதைவிட வேடிக்கை. அமெரிக்காவோட வெல்ஸ் ஃபார்கோ நியூயார்க் பிரிவோட கோடு பி-என்-பி-பின்னு தொடங்கும். பஞ்சாப் நேஷனல்னு நினைச்சா நீங்களும் என் கட்சி! அது ஃபிலடெல்ஃபியா நேஷனல் பேங்க். அதோட தாய் நிறுவனம் கோர்ஸ்டேட்ஸை 1998ல ஃபர்ஸ்ட் யூனியன் வாங்குச்சு. அது 2001ல வாக்கோவியா ஆச்சு. 2008 நெருக்கடியில வாக்கோவியாவை வெல்ஸ் ஃபார்கோ முழுங்குச்சு. மீனை மீன் முழுங்கி அதை இன்னொரு மீன் முழுங்கி, கடைசி மீன் வயித்தைக் கிழிச்சா முதல் மீன் முழுசா இருக்கு.

நமக்குப் பக்கத்துலயும் உண்டு. பேங்க் ஆஃப் சிலோனோட கோடு பி-சி-இ-ஒய், எல்-கே, எல்-எக்ஸ். முதல் நாலுல சிலோன், அடுத்த ரெண்டுல ஸ்ரீலங்கா. 1972ல நாட்டோட பேரு மாறுச்சு, வங்கி பழைய பேரோடவே இருக்கு. ஆறு எழுத்துக்குள்ள ஒரு நாட்டோட ரெண்டு பேரு.

ஒரு சின்ன இடைச்செருகல். செட்டிநாட்டு வட்டிக்கடைகள் பர்மா, மலாயா, இலங்கைன்னு பரவியிருந்த காலத்துல ஒவ்வொரு கடைக்கும் ஒரு 'விலாசம்' இருக்கும். தாத்தா பேரு, அப்பா பேரு, மகன் பேருன்னு முதலெழுத்துக்களைக் கோத்த ஒரு சரடு. ரங்கூன்ல எழுதுன உண்டியலைச் சென்னையில காசாக்கணும்னா அந்த விலாசத்துக்கு இருக்கிற மதிப்புதான் பணம். எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் பேருக்கு முன்னாடி இருக்கிறதும் அப்படி ஒரு விலாசம்தான். 1937 பிப்ரவரி 10ல காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூணு ஊர்லயும் ஒரே நாள்ல இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினாரே, அவர். நாலு எழுத்தைப் பார்த்துக் கடல் கடந்து காசு கொடுக்கிறது பெல்ஜியத்துக்காரன் கண்டுபிடிப்பு இல்லங்கிறேன், அவ்வளவுதான். ஆனா அங்க ஒரு வித்தியாசம் உண்டு. விலாசம் யாருதுன்னு அந்தக் கடை ஏஜெண்டுக்கு நேர்ல தெரியும்.

இப்போ என் தொழிலுக்கு வர்றேன். பிஐசில செக் டிஜிட் கிடையாது. கிரெடிட் கார்டு நம்பரோட கடைசி எண் மத்த எண்களை வெச்சுக் கணக்குப் போட்டு வந்தது. ஆதாரோட கடைசி எண்ணும் அப்படித்தான். ஐரோப்பாவுல கணக்கு எண்ணுக்குப் பயன்படுற ஐபான்ல ரெண்டு சரிபார்ப்பு எண் இருக்கு. முதல் நாலு எழுத்தைக் கடைசிக்குத் தள்ளி, எழுத்துக்களை எண்ணா மாத்தி, 97ஆல வகுத்தா மீதி 1 வரணும். ஒரு எழுத்து தப்பாப் போச்சுன்னா கண்டிப்பா மாட்டிக்கும். வங்கிக்கே போகாம உங்க கம்ப்யூட்டர்லயே கண்டுபிடிச்சிடலாம். பிஐசில அந்த வசதி இல்ல. ஒரு எழுத்தை மாத்தி அடிச்சா அது இல்லாத வங்கியா இருக்கலாம், செத்துப்போன வங்கியா இருக்கலாம், வேற ஒரு நிஜமான வங்கியாவும் இருக்கலாம். பாக்கிறதுக்கு மூணும் ஒரே மாதிரி இருக்கும். நான் எழுதின ஒரு வரி மூணுக்குமே பச்சை டிக் போடும்.

நம்ம ஊர்ல இதோட இன்னொரு குழப்பம் சேர்ந்துக்கும். ஐஎஃப்எஸ்சியும் பதினோரு எழுத்து. பல வங்கிக்கு முதல் நாலு எழுத்தும் ஒண்ணேதான். ஸ்டேட் பேங்குக்கு ரெண்டுலயும் எஸ்-பி-ஐ-என். ஆனா ஐஎஃப்எஸ்சி உள்நாட்டுச் சமாச்சாரம், ரிசர்வ் வங்கியோட ஏற்பாடு. அஞ்சாவது இடத்துல சைபர் இருந்தா அது ஐஎஃப்எஸ்சி, அஞ்சு ஆறுல ஐ-என் இருந்தா ஸ்விஃப்ட். அதோட ஐஎஃப்எஸ்சி ஒவ்வொரு கிளைக்கும் உண்டு, ஸ்விஃப்ட் அப்படி இல்ல. நம்ம தெருமுனைக் கிளைக்குத் தனி ஸ்விஃப்ட் கோடே இருக்காது. தலைமை அலுவலகக் கோடையோ, அந்நியச் செலாவணி பாக்கிற கிளையோட கோடையோதான் கொடுக்கணும். இல்லாத கிளைக் கோடைத் தேடப் போய்த்தான் நிறைய பேர் கண்ட சைட்லயும் மாட்டுறாங்க.

2020 ஏப்ரல் 1க்கு அப்புறம் இது இன்னும் சிக்கல். அன்னிக்கு ஒரே நாள்ல அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடயும், சிண்டிகேட் கனராவோடயும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியோடயும், ஓரியண்டல் வங்கியும் யுனைடெட் வங்கியும் பஞ்சாப் நேஷனலோடயும் இணைஞ்சது. அதே வருஷம் நவம்பர்ல கரூர் லட்சுமி விலாஸ் வங்கி டிபிஎஸ் கைக்குப் போச்சு. கோடு எல்லாம் உடனே சாகல. சிண்டிகேட்டோட பழைய கோடுகள் 2021 ஜூன் வரைக்கும் ஓடுச்சு, ஜூலையில நிறுத்துனாங்க. ஃபிலடெல்ஃபியா வங்கியோட கோடு பல வருஷமா சாகாம இருக்கு, நம்ம கோடு பதினஞ்சு மாசத்துல செத்துச்சு. எது சாகும், எது சாகாதுன்னு எழுத்தைப் பார்த்துச் சொல்லவே முடியாது.

கோடு சரியா இருந்தாலும் எல்லாம் முடிஞ்சிடுமா? 2016 பிப்ரவரியில வங்கதேச மத்திய வங்கியோட கம்ப்யூட்டருக்குள்ள புகுந்தவங்க, நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கிக்கு 35 ஸ்விஃப்ட் செய்தி அனுப்புனாங்க. மொத்தம் 95 கோடி டாலர். செய்திகள் எல்லாம் ஸ்விஃப்ட் கணக்குப்படி அசல். கோடு சரி, சாவி சரி. இலங்கையில ஒரு அறக்கட்டளைக்குப் போன 2 கோடி டாலர் எப்படி மாட்டுச்சு தெரியுமா? ஃபவுண்டேஷன்ங்கிற வார்த்தையை ஃபேன்டேஷன்னு அடிச்சிருந்தான். இடையில இருந்த டாய்ச்ச வங்கியில யாரோ அதைப் பார்த்துட்டு, 'இது என்ன?'ன்னு கேட்டாங்க. பிலிப்பைன்ஸ் கிளையோட விலாசத்துல ஜூபிடர் தெருன்னு இருந்துச்சு. தடைப்பட்டியல்ல இருந்த ஒரு கப்பல் கம்பெனி பேர்லயும் ஜூபிடர் உண்டு. அதனால மிச்சச் செய்திகள் நின்னுச்சு. அதுக்குள்ள 8 கோடியே 10 லட்சம் டாலர் பிலிப்பைன்ஸுக்குப் போயிருச்சு. அத்தனை கிரிப்டோகிராஃபியும் தூங்குனப்போ காப்பாத்துனது ஒரு எழுத்துப்பிழையும் ஒரு தெருப் பேரும்!

ரெண்டு வருஷம் கழிச்சு, 2018 பிப்ரவரியில, மேலே சொன்ன நம்ம கும்பகோணம் சிட்டி யூனியன் வங்கியிலயும் இதே பாணியில துபாய், துருக்கி, சீனான்னு மூணு இடத்துக்குக் கிட்டத்தட்ட 20 லட்சம் டாலர் அனுப்பப் பாத்தாங்க. கணக்கை ஒப்பிட்டுப் பாக்கிறப்போ தெரிஞ்சு, துபாய் பணத்தை உடனே நிறுத்துனாங்க.

டெலக்ஸ் காலத்து ஓட்டை இன்னும் முழுசா அடைபடல பாருங்க. கடிதம் யார்கிட்ட இருந்து வந்ததுன்னு கணக்குப் போட்டு நிரூபிக்கலாம். யாருக்குப் போகுதுன்னு நிரூபிக்கிறது இப்போதான் மெதுவா வருது. நம்ம ரிசர்வ் வங்கி நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் ரெண்டுக்கும் பணம் வாங்குறவர் பேரைக் காட்டுற வசதியை 2025 ஏப்ரலுக்குள்ள கொடுக்கணும்னு சொல்லுச்சு. யூரோ நாடுகள்ல 2025 அக்டோபர்ல பேரும் ஐபானும் பொருந்துதான்னு பாக்கிறதைக் கட்டாயமாக்குனாங்க. ஆனா நம்ம பய அனுப்புனது ஜெர்மனியில இருந்து இந்தியாவுக்கு. அந்த விதி அவனுக்கு உதவாது.

அப்போ என்னதான் பண்றதுன்னு கேட்டான். ஸ்விஃப்ட் அமைப்பே இலவசமா பிஐசி தேடுற பக்கம் ஒண்ணு வெச்சிருக்கு, கோடைக் கொடுக்கிறது அவங்கதாங்கிறதால அதுல தேடு. அப்பாவைக் கிளைக்கே போய் மேனேஜர்கிட்ட எழுதி வாங்கிட்டு வரச் சொல்லு. ரெண்டும் ஒத்துப்போனா மட்டும் அனுப்பு. முதல்ல ஒரு ஐம்பது யூரோ அனுப்பிப் பாரு. கட்டணம் போகும்தான், போகட்டும். போன பணத்துக்கு உங்க வங்கியில யுஇடிஆர்னு ஒரு நீள எண் கேட்டு வாங்கு, அதை வெச்சு எந்த வங்கியில தேங்கி நிக்குதுன்னு பாத்துடலாம்னேன்.

பாத்தா, தரகு வங்கியில நின்னுக்கிட்டு இருந்துச்சு. பத்தொன்பதாம் நாள் திரும்பி வந்துச்சு, ரெண்டு பக்கக் கட்டணமும் கழிச்சுக்கிட்டு. பத்திரப் பதிவு? அப்பா அவர் தம்பிகிட்ட கைமாத்து வாங்கி முடிச்சிட்டார். முப்பது வருஷமா யார்கிட்டயும் கடன் கேக்காத மனுஷன்டா அப்படின்னு இவன் அதையேதான் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கிட்டு இருந்தான்.

நான் அந்தப் பழைய ப்ராஜெக்ட்ல இப்போ இருக்கிற பையனுக்கு மெயில் போட்டேன், அந்த ஒரு வரியை மாத்தி மாசாமாசம் வர்ற கோடு பட்டியலோட ஒப்பிட்டுப் பாக்கச் சொல்லி. "இதுவரைக்கும் யாரும் பக் ரெய்ஸ் பண்ணலையே"ன்னு பதில் வந்திருக்கு. விடப் போறதில்ல.

சித்தப்பா கடனை அடைக்க இந்த வாரம் மறுபடி அனுப்புனான். கான்ஃபரன்ஸ் கால்ல நானும் இருந்தேன். அப்பா மேனேஜர் சீல் போட்டுக் கொடுத்த தாளைக் கையில வெச்சுக்கிட்டு ஒவ்வொரு எழுத்தா நிதானமா வாசிச்சார். "ஐ... இந்தியாவோட ஐ. என்... நாகர்கோவில் என். அப்புறம் பி, பாம்பே பி."

"அடுத்து என்னப்பா?"

"அதுவும் பாம்பே பி தான்யா."